அந்த டம்ளரைத் தனியே வைக்க வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. நானே இலை பறிக்கிறேன், பக்கத்துத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போவேன். ஐப்பசி மழையில் பத்து நாள் காய்ச்சலும் தொண்டை வலியுமாகப் படுத்தேன். காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. முன்பு பறித்ததில் பாதி இலைகூடப் பறிக்க முடியவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு லேபில் அசதிக்கான பேக்கேஜ் என்று ரத்தம் கொடுத்தேன். எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஐஜிஜி 750க்கு மேல் என்று வந்திருக்கிறது. 20க்குக் கீழே இருக்க வேண்டுமாம். வைரஸ் ரத்தத்தில் ஊறிவிட்டது, எதிர்ப்பு சக்திப் பவுடர் மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். எச்சிலில் பரவும் என்று படித்ததிலிருந்து என் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். 6 வயது மகள் என் தட்டில்தான் சாப்பிடுவேன் என்று அழுகிறாள். இது குணமாகுமா? ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். இன்று ராத்திரியே மகளை மடியில் உட்கார வைத்து ஒரே தட்டில் ஊட்டுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் கடிதம் முழுக்கப் படித்த பிறகும் அந்த டம்ளர்தான் என் மனதில் நிற்கிறது.

எப்ஸ்டீன்-பார் என்பது அபூர்வமான வைரஸ் இல்லை. உலகத்தில் வளர்ந்த ஆட்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதன் ஆன்டிபாடி, அதாவது இதை எதிர்க்க உடம்பு தயாரித்த புரதம், ரத்தத்தில் இருக்கிறது. எனக்கும் இருக்கும், உங்கள் வீட்டுக்காரருக்கும் இருக்கும், பவுடர் விற்றவருக்கும் இருக்கும். நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விடுகிறது. பாட்டி ஊதி ஆற்றித் தன் வாயில் வைத்துப் பார்த்து ஊட்டிய கஞ்சி, அக்கா கடித்துக் கொடுத்த கொய்யா, இப்படித்தான் வரும். அந்த வயதில் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சல் மாதிரி இருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு வந்ததே தெரியாது. உங்கள் மகளுக்கும் அநேகமாக எப்போதோ வந்து போயிருக்கும்.

உள்ளே வந்த வைரஸ் உடம்பை விட்டு முழுசாகப் போவதும் இல்லை. சின்னம்மை போட்டு இறங்கிய பிறகு, அந்த வைரஸ் நரம்புக்குள் உறங்கிக் கிடந்து வயதான காலத்தில் அக்கியாக வெளிவருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவும் அதே குடும்பம்தான். இது ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளையணுக்களுக்குள் ஆயுள் முழுக்க உறங்கும். எந்த நோயும் இல்லாமல் நடமாடுகிறவர்களின் எச்சிலிலும் அவ்வப்போது கொஞ்சம் தலைகாட்டும். ஆகவே ஒரு டம்ளரைப் பிரித்து வைத்து இதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

சரி, 750க்கு வருவோம். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போட்டிருக்கிறது, பாருங்கள். '750க்கு மேல்' என்று அதற்கு அர்த்தம். அந்த மிஷினால் அதற்கு மேல் எண்ண முடியாது, அவ்வளவுதான். பக்கத்தில் போட்டிருக்கும் 20 என்பது சர்க்கரை அளவுபோல 'இதற்குள் இருந்தால் ஆரோக்கியம்' என்ற கணக்கு இல்லை. 20க்குக் கீழே என்றால் இந்த வைரஸை இதுவரை உடம்பு சந்திக்கவில்லை என்று பொருள். மேலே என்றால் சந்தித்திருக்கிறது. லேபில் சர்க்கரையையும் இதையும் ஒரே மாதிரிக் கட்டத்தில், பாசிட்டிவ் என்பதைத் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுப்பதால், படிக்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

உங்களுக்குப் பழகிய ஒன்றை வைத்துச் சொல்கிறேன். விடிகாலையில் தோட்டத்துக்குப் போகும்போது காட்டுமாடு போட்ட சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். மாடு பக்கத்துப் புதரில் நிற்கிறது. காய்ந்து இறுகிப்போன குளம்புத் தடம் என்றால் தாண்டிப் போய் வேலையைப் பார்ப்பீர்கள். ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடி ஆவி பறக்கும் சாணம். நோய் தொடங்கும்போதே தோன்றி, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் மறைந்துவிடும். ஐஜிஜி காய்ந்த தடம். அதுவும் நோயின் ஆரம்பத்தில்தான் தோன்றுகிறது, இரண்டு நாலு வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது, அப்புறம் கொஞ்சம் இறங்கி ஆயுள் முழுக்க அப்படியே நிற்கிறது. தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்காக மாடு இங்கேதான் நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. 750 என்பதும் அப்படித்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது, இ.பி.என்.ஏ ஐஜிஜி, அதாவது இதே வைரஸின் வேறொரு பாகத்துக்கு எதிரான ஆன்டிபாடி, அதுவும் பாசிட்டிவ். இதைப் பார்த்துத்தான் இன்னும் பயந்திருப்பீர்கள். எனக்கு நிம்மதி தந்தது அதுதான். இந்த ஆன்டிபாடி மெதுவாக வரும். நோய் தொடங்கி இரண்டு முதல் நாலு மாதம் கழித்துத்தான் ரத்தத்தில் தெரியும். உங்களுடையதைப் போல ஐஜிஎம் நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று, முடிந்த கதை என்று படிக்க வேண்டும். ஐப்பசியில் வந்த காய்ச்சல் இதுதானா, இல்லை ஐந்து வயதிலேயே வந்து போய்விட்டதா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வயதைப் பார்த்தால் சின்ன வயதில் வந்ததாகத்தான் இருக்கும். எப்படி இருந்தாலும் இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது மாறப் போவதில்லை.

இந்த டெஸ்டின் உண்மையான பலம் எதில் இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1964இல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்ற மூவர் உகாண்டாவிலிருந்து வந்த ஒரு புற்றுக்கட்டியின் அணுக்களில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண மனிதர்களுக்கு இது என்ன செய்கிறது என்று அப்போது தெரியாது. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற தம்பதி இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் லேபில் வேலை பார்த்த ஒருவருக்கு இந்த ஆன்டிபாடியே கிடையாது. திடீரென்று அவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டு. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் முன்பு இல்லாத ஆன்டிபாடி வந்திருந்தது. கிளாண்டுலர் ஃபீவர் என்று நாங்கள் சொல்லும் நோய்க்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்று அதிலிருந்துதான் பிடித்தார்கள். 1968இல் அது வெளியானது. முன்பு இல்லை, இப்போது இருக்கிறது என்ற வித்தியாசம்தான் அங்கே பேசியது. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாளின் ரத்தம். அது தனியாக நின்று எதையும் பேசாது.

அதற்காக டெஸ்டே வீண் என்று சொல்லவில்லை. கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையனை லீவுக்கு வந்தபோது என்னிடம் கூட்டி வந்தார்கள். 19 வயது. வாயைத் திறக்கச் சொன்னால் டான்சில் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு, மேலே வெள்ளைப் பாலாடை படிந்த மாதிரி இருந்தது. கழுத்தின் பின்பக்கம் வரை நெறிகட்டி உருண்டைகள் விரலுக்கு அடியில் உருண்டன. மேல் இமை வீங்கியிருந்தது. தொண்டைப் புண்ணுக்கு என்று வேறு எங்கோ அமாக்சிசிலின் கொடுத்திருந்தார்கள். அதனால் உடம்பு முழுக்கச் சிவப்பாகத் தடித்திருந்தது. இந்த வைரஸ் இருக்கும்போது அந்த மருந்து சாப்பிட்டால் பலருக்கு இப்படி ஆகும். அவனுக்கு ஐஜிஎம் பார்த்தோம், பாசிட்டிவ். இ.பி.என்.ஏ நெகட்டிவ். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம். மண்ணீரல் வீங்கியிருக்கும், அடிபட்டால் கிழிந்துவிடும் என்பதால் மூன்று நாலு வாரம் விளையாட்டு, பாரம் தூக்குவது எதுவும் கூடாது என்று அவன் அம்மாவிடம் சொன்னோம். டெஸ்ட் உதவுகிற சமயம் அதுதான். காய்ச்சலோடு படுத்திருக்கும் முதல் சில வாரம். உங்களுக்கு எடுத்திருந்தால் ஐப்பசியில் எடுத்திருக்க வேண்டும், பங்குனியில் எடுத்துப் பயன் இல்லை.

ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டாம். எடுத்தால் ஐஜிஜி அப்படியேதான் இருக்கும். பவுடர் வேலை செய்யவில்லை, இன்னும் மூன்று மாதம் என்பார்கள். அந்த எண்ணைக் குறைக்கும் பவுடரோ கஷாயமோ ஊசியோ கிடையாது. குறைக்க வேண்டிய எண்ணும் இல்லை அது. வைரஸுக்கான மாத்திரை என்று யாராவது அசைக்ளோவிர் எழுதினாலும் வாங்காதீர்கள். உறங்கும் வைரஸை அது தொடாது, அசதியையும் குறைக்காது. வேறு சில லேபுகளில் இ.ஏ என்று இன்னொரு ஆன்டிபாடியைப் பார்த்துவிட்டு, வைரஸ் திரும்ப எழுந்துவிட்டது என்பார்கள். நோயே இல்லாதவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு அது வருஷக்கணக்கில் பாசிட்டிவாக நிற்கும். ஒரு நாள் முழுக்க இலை பறித்துச் சம்பாதித்த காசு அதில் போக வேண்டாம்.

அப்படியானால் அசதி? அது பொய்யில்லை. மனப்பிரமை என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். ஆனால் அதன் காரணம் நீங்கள் அனுப்பிய காகிதத்தின் முதல் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். மேலிருந்து நாலாவது வரியில் ஹீமோகுளோபின் 11.1. அதற்குக் கீழே எம்.சி.வி 70, அதாவது சிவப்பணுவின் பருமன். 80க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பக்கத்தில் சின்னதாகக் குறைவு என்று போட்டிருக்கிறது. வைரஸ் பேரைப் பார்த்த பரபரப்பில் இதை யாருமே கவனிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மலையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கடல் மட்டத்துக்குப் போட்ட கணக்கு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இங்கே வாழ்கிறவர்களின் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் அதிக ரத்தம் வைத்திருக்கும். அதனால் நம் உயரத்தில் அந்த 12உடன் ஏறக்குறைய 1 கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்ட கணக்கு. கீழே உள்ள லேபின் அச்சடித்த தாளில் அது இருக்காது. கோவைக் கணக்கில் உங்கள் 11.1 லேசான சோகை. நம் மலைக் கணக்கில் அது 10 இருப்பதற்குச் சமம். அந்த ரத்தத்தோடு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

பல வருஷம் முன்பு நான் ஒரு தவறு செய்தேன். தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்த ஒரு அம்மா அசதி என்று மூன்று தடவை வந்தார். முன்பு வைரல் காய்ச்சல் வந்திருந்தது. காய்ச்சலுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டேன். நாலாவது தடவை, பிரஷர் பார்க்கும்போது எங்கள் நர்ஸ் அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பி என்னிடம் காட்டினார். நகம் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் போல இருந்தது. கீழ் இமையை இழுத்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெளிறிப்போயிருந்தது. ஹீமோகுளோபின் 7. நாலு மாதம் அந்த ரத்தத்தோடு அவர் ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து, அசதி என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது நகத்தையும் இமையையும்தான். நீங்களும் இப்போதே கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், பக்கத்தில் மகளின் இமையோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபெரிட்டின் என்று ஒரு டெஸ்ட் எடுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று அது காட்டும். அது குறைவாக இருந்தால் விஷயம் முடிந்தது. ஃபெரிட்டின் சரியாக இருந்தும் சிவப்பணு சின்னதாக இருந்தால், பிறவியிலேயே வரும் தலசீமியா மைனர் போல ஏதாவது இருக்கிறதா என்று வேறு டெஸ்ட் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் சிக்கிள் செல் சோகையும் உண்டு. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவராக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச், சர்க்கரை, பி12 பார்த்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், அன்றைக்கே கொடுங்கள்.

இரும்பு குறைந்திருக்கிறது என்று வந்தால், ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறீர்களா? கொக்கிப் புழு கால் தோல் வழியாகத்தான் உள்ளே போகும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மூட்டு வலிக்கு அடிக்கடி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் வயிற்றில் கசிவு வரலாம். மூலத்தில் ரத்தம் போனாலும் மறைக்க வேண்டாம்.

அப்புறம் டீ. நம் ஊரில் சாப்பாட்டோடு டீ, சாப்பிட்டு முடித்ததும் டீ. டீயை விடச் சொல்ல மாட்டேன், நம் பிழைப்பே அதில்தான். ஆனால் டீயில் இருக்கும் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையோ ராகியோ சாப்பிடும் வேளையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இல்லை ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். இரும்பு ஏறுவதற்கு அது கைகொடுக்கும்.

எல்லா டெஸ்டும் சரியாக வந்து அசதி மட்டும் நிற்கிறது என்றால்? அதுவும் நடக்கும். பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு மாதக்கணக்கில் தெம்பு வருவதில்லை. எந்தக் கிருமி என்பதைவிட, காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் செய்த ஆய்வு காட்டியது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தேறிவிடுகிறது. அந்த நிலையில் ஒரு நாள் கொஞ்சம் தெம்பு வந்தது என்று இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்யக் கூடாது. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவீர்கள். பாதி நாள் பறியுங்கள், உட்காருங்கள், அடுத்த நாளும் அதே பாதி நாள். வேலை செய்த மறுநாள் அசதி இரண்டு மடங்காகி, அது ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதற்கென்று தனியாகப் பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவும் இந்த வைரஸ் டெஸ்ட் பயன்படாது.

இரும்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும். டாக்டர் சொன்னபடி தினம் ஒன்றோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ போடுங்கள். ஒரு மாதத்தில் மேடு ஏறும்போதே வித்தியாசம் தெரியும். தெம்பு வந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் சேமிப்பு நிரம்பும். மாத்திரை ஆரம்பித்த பிறகு மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பின் நிறம், பயந்து நிறுத்த வேண்டாம். மாத்திரை டப்பாவை மட்டும் மகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பிள்ளைகள் அதை மிட்டாய் என்று நினைத்து எடுத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.